படைத்தலைவர்களின் கையொப்பங்கள்

பழைய தமிழ்க் கல்வெட்டுகளைப் படிப்போர், அவற்றின் இறுதிப் பகுதியிலே ஒரு சிறு தொடரை அடிக்கடி காண்பர். நிலத்தை விற்றவனும், சபையின் பேரால் உடன்பட்டவனும், சாட்சியாக நின்றவனும் தத்தம் பெயரைக் கூறி, "இவை என் எழுத்து" என்று முடிப்பார்கள். எழுதத் தெரியாதவன் தன் அடையாளத்தைக் கீறிவைப்பான்; அது அவனுடைய தற்குறி என்று மற்றொருவன் சான்று எழுதுவான். "மேலே சொல்லப்பட்ட அனைத்துக்கும் நான் பொறுப்பு" என்பதே அச்சிறு தொடரின் பொருள். கையொப்பத்துக்கு அன்றும் இன்றும் மதிப்பைத் தருவது அதன் மேலே எழுதப்பட்டிருக்கும் செய்தியாகும்.

இந்த எளிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு நோக்கினால், மேனாட்டிலே தோன்றி வளர்ந்த ஒரு பொழுதுபோக்கின் வரலாறு சுவையுடையதாகவும், சில இடங்களில் வருத்தம் தருவதாகவும் தோன்றும். புகழ்பெற்றோரின் கையொப்பங்களைச் சேகரிப்பதே அப்பொழுதுபோக்கு. அதிலும், பிரித்தானியப் பேரரசின் தரைப்படை, கடற்படைத் தலைவர்களின் கையொப்பங்களைத் தேடித் திரட்டுவோர் இரு நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தனிக் கூட்டத்தாராகவே இருந்து வருகின்றனர்.

இப்பழக்கத்தின் வேர் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியிலே காணப்படுகிறது. அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று கற்றபோது, ஆசிரியரிடமும் தோழரிடமும் ஒரு சிறு ஏட்டை நீட்டி, பெயரும் ஒரு நல்வாக்கும் எழுதித் தரும்படி கேட்பர். அது நண்பர் ஏடு எனப்பட்டது. எழுதியவரை நேரிலே கண்டு பழகியவரே அன்று ஏட்டை வைத்திருந்தார். காணாத ஒருவரின் எழுத்தைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமோ பிற்காலத்தது. இங்கிலாந்திலே அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கியது. பிரான்சுடன் நடந்த நெடும் போர்கள் 1815இல் வாட்டர்லூவில் முடிவுற்றன. நெல்சன், வெலிங்டன் என்னும் இரு பெயர்களும் ஆங்கிலேயர் நாவிலே இடையறாது ஒலித்தன. உருவப்படத்தை எவரும் வாங்கலாம்; ஆனால் அவ்வீரனின் கை பட்ட கடதாசி ஒன்றையே ஒன்று. ஆகவே அதனைத் தேடினர்.

அக்காலத் தபால் முறையும் இந்த ஆசைக்கு வழி செய்தது. பதினேழாம் நூற்றாண்டு முதல், பாராளுமன்ற அங்கத்தவர்கள் தம் கடிதங்களைக் கட்டணமின்றி அனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். கடிதத்தின் முகப்பிலே அங்கத்தவர் தம் பெயரை எழுதினால், அதுவே தபாற் கட்டணமாகக் கொள்ளப்பட்டது. அவர்கள் இந்த உரிமையை உறவினர்க்கும் நண்பர்க்கும் அள்ளி வழங்கியமையால் அரசாங்க வருமானம் குறைந்தது. எனவே விதி இறுக்கப்பட்டது. 1784ஆம் ஆண்டுக்குப் பின், விலாசம் முழுவதையும், ஊர், நாள், மாதம், ஆண்டு என்பவற்றையும் அங்கத்தவர் தம் சொந்தக் கையாலேயே எழுதவேண்டும் என்றாயிற்று. தபாலதிகாரிகள் ஏமாறாமல் இருப்பதற்கென்று செய்த ஏற்பாடு, பெருமக்களின் கையெழுத்தை நாடெங்கும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

வெலிங்டன் கோமகன் பிரபுக்கள் சபையின் அங்கத்தவர். ஆதலால் அவருடைய கடித முகப்புகளின் கீழ்மூலையிலே அவர் பெயர் இருந்தது. சேகரிப்போர் கத்தரிக்கோலை எடுத்தனர். முகப்பை மட்டும் வெட்டி ஏட்டிலே ஒட்டினர். கடிதத்தை அடுப்புக்கு அனுப்பினர். 1840 ஜனவரி 10ஆம் நாள் இலவசத் தபால் உரிமை நீக்கப்பட்டது. ஆயினும் கத்தரிக்கோல் ஓயவில்லை. கடிதத்தின் அடியிலிருந்த பெயரை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுப்பது வழக்கமாயிற்று. ஏட்டின் ஒரே பக்கத்திலே பத்துத் தளபதிகளை வரிசையாக ஒட்டி வைப்பது பெருமையெனக் கருதப்பட்டது. கடதாசியின் இரு புறமும் எழுதுவது அக்கால வழக்கம். ஆகவே பெயர் வெட்டப்பட்ட இடத்தின் மறுபுறத்திலிருந்த வரிகளும் உடன் அழிந்தன. யாருக்கு, எங்கிருந்து, எதற்காக எழுதினார் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாது போயிற்று.

எல்லாச் சேகரிப்பாளரையும் இவ்வாறு குறை கூறுவது நியாயமன்று. 1779 முதல் 1845 வரை வாழ்ந்த வில்லியம் அப்கொட் என்பவர் இலண்டனிலே ஒரு நூல்நிலையத்தில் பணியாற்றியவர். கையெழுத்துச் சேகரிப்போரின் இளவரசர் என்று பெயர் பெற்ற அவரிடம் 32,000 கடிதங்கள் வரையில் இருந்தன. அவர் 1814இல் எவ்லின் குடும்பத்தின் வீட்டுக்குச் சென்றிருந்தார். அவ்வீட்டுப் பெருமாட்டி தையல் வேலைக்கு மாதிரி வெட்டுவதற்குப் பழைய கடிதங்களைப் பயன்படுத்துவதை அவர் கண்டார். அக்கடதாசிகளின் அருமையை எடுத்துரைத்து அவற்றைக் காப்பாற்றினார். அதன் பயனாகவே, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோன் எவ்லினின் நாட்குறிப்பு 1818இல் அச்சேறியது. ஆகவே சேகரிப்போரில் இரு வகையினர் உண்டு. முழுக் கடதாசியையும் காத்தோரால் வரலாறு வளர்ந்தது. பெயரை மட்டும் வெட்டி எடுத்தோரால் அது தேய்ந்தது. இவ்வேற்றுமையைச் சில படைத்தலைவர்களின் எழுத்துகளே நன்கு காட்டுகின்றன.

முதலில் நெல்சனை எடுத்துக்கொள்ளலாம். 1797ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, கனேரித் தீவுகளிலுள்ள சாந்தா குரூஸ் துறைமுகத்தை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்ற அவர் முனைந்தார். 24ஆம் நாள் மாலை, தம் மேலதிகாரியாகிய ஜேர்விஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் தம் தலைக்கு வெற்றி மாலை கிடைக்குமோ சாவின் மாலை கிடைக்குமோ என்ற கருத்து அதில் இருந்தது. அன்றிரவு படகிலிருந்து கரையேறும் வேளையில் குண்டு பாய்ந்து அவருடைய வலக்கை சிதைந்தது. கப்பலுக்குக் கொண்டுபோய் அக்கையை அறுத்து நீக்கினர். வலக்கையால் அவர் எழுதிய இறுதிக் கடிதம் அதுவே.

மூன்று நாள் கழித்து, ஜூலை 27ஆம் நாள், அதே ஜேர்விஸுக்கு இடக்கையால் ஒரு கடிதம் வரைந்தார். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளையின் எழுத்தைப் போலத் தடுமாறுகின்றன. இனித் தாம் நண்பர்களுக்குப் பாரமாகவும் நாட்டுக்குப் பயனற்றவராகவும் ஆகிவிட்டதாக அதில் அவர் வருந்துகிறார். எட்டு ஆண்டுகளின் பின் திரபல்கரிலே நாட்டைக் காத்த அதே மனிதர்தாம் இவ்வாறு எழுதினார். அக்கடிதத்தின் அடியிலிருந்த பெயரை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைப்பது ஒரு கோணல் எழுத்துப் பெயரே. முழுக் கடிதத்தைப் படிப்பவனோ, ஒரு மனிதன் உடைந்து மீளும் வேளையைக் கண்ணெதிரே காண்கிறான்.

நெல்சன் தம் பெயரை எழுதிய முறையும் அவர் வாழ்க்கையோடு மாறிச் சென்றது. தொடக்கத்திலே "ஹொரேஷியோ நெல்சன்" என்று முழுப்பெயர் எழுதினார். 1798இல் நைல் நதி முகத்திலே பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்துப் பிரபுப் பட்டம் பெற்றபின் "நெல்சன்" என்று மட்டும் ஒப்பமிட்டார். 1799இல் நேப்பிள்ஸ் அரசர் அவரைப் புரொன்ட்டே என்னும் இடத்தின் கோமகனாக ஆக்கினார். அப்பொழுது "புரொன்ட்டே நெல்சன்" என்று எழுதலானார். 1801 முதல் இறக்கும் வரை "நெல்சனும் புரொன்ட்டேயும்" என்ற பொருள்பட அமைந்த ஒப்பமே வழங்கியது. ஆகவே நாளிடப்படாத கடிதம் ஒன்று கிடைத்தால், எந்தக் கையால் எழுதினார், எந்தப் பெயரால் முடித்தார் என்ற இரண்டையும் கொண்டே அதன் காலத்தை அறிஞர் அறுதியிடுவர். 1796 என்று நாளிட்ட கடிதத்தின் அடியிலே "புரொன்ட்டே" என்ற பெயர் காணப்படுமாயின், அது போலி என்பதைக் கூறப் பெரும் புலமை வேண்டியதில்லை.

வெலிங்டன் கோமகனின் பெயரும் இவ்வாறு மாறிய ஒன்றே. 1769இல் பிறந்த அவர், இளமையில் ஆதர் வெஸ்லி என்றே தம்மை எழுதினார். அவருடைய தமையனார் குடும்பப் பெயரின் பழைய வடிவத்தை மீட்டெடுத்தமையால், 1798ஆம் ஆண்டு முதல் அவரும் வெல்லஸ்லி என்று ஒப்பமிட்டார். 1799இல் சீரங்கப்பட்டணத்துப் போரிலும் 1803இல் அசேயிப் போரிலும் கலந்துகொண்டவர் இந்த ஆதர் வெல்லஸ்லியே. ஸ்பானிய நாட்டுத் தலவேராப் போரில் வென்று பிரபுவான பின்னர், 1809 செப்டெம்பரில் முதன்முதலாக "வெலிங்டன்" என்று எழுதினார். உலகம் முழுவதும் அறிந்த பெயர் அவருக்கு நாற்பது வயதிலேதான் கிட்டியது.

இந்த இடத்திலே இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையை ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றியிருந்தனர். கடல் கடந்து செல்லவேண்டிய ஒரு படையெடுப்புக்காக 1800ஆம் ஆண்டின் இறுதியில் அத்துறைமுகத்திலே படை திரட்டப்பட்டது. அதற்குத் தலைமை தாங்க வந்தவர் அப்பொழுது கேர்ணலாயிருந்த ஆதர் வெல்லஸ்லி. 1801 பெப்ரவரியில் அவர் அங்கிருந்து பம்பாய்க்குக் கப்பலேறினார். அந்நாட்களில் திருகோணமலையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சிடப்பட்டுள்ளன. அரிசி, தண்ணீர், கப்பல், படைவீரர் ஊதியம் முதலிய அன்றாடக் கவலைகளே ஒரு படைத்தலைவனின் கடிதங்களில் மிகுந்திருக்கும். அத்தகைய கடிதம் ஒன்றிலிருந்து பெயரை மட்டும் வெட்டியெடுத்தால், அதை எழுதியவர் எந்தக் கடற்கரையில் நின்று எதற்காகக் கவலைப்பட்டார் என்பது மறைந்துவிடும்.

வெலிங்டனின் கையொப்பம் அரிதான பொருளன்று. பிரதம மந்திரியாகவும் பிரதம சேனாதிபதியாகவும் இருந்த அவர், தம்மிடம் வந்த கடிதங்களுக்குப் பெரும்பாலும் தாமே விடை எழுதினார். 1852இல் எண்பத்து மூன்றாம் வயதில் மறையும் வரை பேனா ஓயவில்லை. 1983இல் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த அவருடைய ஆவணங்கள் ஏறக்குறைய 100,000 எனக் கூறப்படுகின்றன.

பிறர் கையொப்பத்தைத் தவறாகப் படித்து அவர் பட்ட பாடும் ஒரு கதையாக வழங்குகிறது. தோட்டக்கலை பற்றி எழுதிய லௌடன் என்பவர், கோமகனின் பண்ணையில் வாட்டர்லூ வெற்றியின் நினைவாக நின்ற 'பீச்' மரங்களைப் பார்வையிட அனுமதி கேட்டு எழுதினார். 'பீச்செஸ்' என்ற சொல்லைக் கோமகன் 'பிரீச்செஸ்' என்று, அதாவது காற்சட்டை என்று, படித்தார். லௌடன் என்ற ஒப்பத்தையும் 'லண்டன்' என்று கொண்டார். இலண்டன் நகர மேற்றிராணியார் தம் பதவிப் பெயரால் 'லண்டன்' என்றே ஒப்பமிடுவது வழக்கம். வாட்டர்லூவில் தாம் அணிந்த காற்சட்டையைத் தாராளமாக வந்து பார்க்கலாம் என்று கோமகன் மேற்றிராணியாருக்கு விடை விடுத்தாராம். கதை எவ்வாறாயினும், ஓர் எழுத்துத் தவறிப் படித்தால் ஆள் மாறிப்போவான் என்ற பாடம் அதில் உண்டு.

அதே பாடம் சிரிப்புக்கு இடமில்லாத ஒரு களத்திலும் கற்பிக்கப்பட்டது. வாட்டர்லூப் போரிலே வெலிங்டனின் அருகில் நின்ற செயலாளர் பிட்ஸ்றோய் சோமர்செட் தம் வலக்கையை இழந்தார். அறுத்து எடுத்த கையை அப்புறப்படுத்த முயன்றபோது, மனைவி அளித்த மோதிரம் அதன் விரலில் இருப்பதால் அக்கையைத் திரும்பக் கொண்டுவரும்படி அவர் கேட்டார் என்பர். நெல்சனைப் போலவே அவரும் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். பல்லாண்டு காலம் வெலிங்டனின் எழுத்து வேலைகளைக் கவனித்தார். பின்னர் ராக்லன் பிரபு என்ற பட்டத்துடன், கிரைமியப் போரில் பிரித்தானியப் படைகளுக்குத் தலைமை தாங்கினார்.

1854 ஒக்டோபர் 25ஆம் நாள், பலக்கிளவா என்னுமிடத்திலே ராக்லன் உயர்ந்த ஒரு மேட்டின்மீது நின்றார். கைப்பற்றிய பீரங்கிகளை ருஷ்யர் இழுத்துச் செல்ல முயல்வது அங்கிருந்து தெரிந்தது. குதிரைப்படை விரைந்து முன்சென்று, பகைவர் பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயலவேண்டும் என்று அவர் வாயாற் சொல்ல, துணை நின்ற ஜெனரல் எயரி அதனைப் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினார். அதில் ஒப்பமிட்டவரும் எயரியே. கப்டன் நோலன் அத்துண்டைப் பெற்றுக் குதிரையைச் செங்குத்தான சரிவிலே தட்டிவிட்டார்.

பள்ளத்தாக்கிலே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அப்பீரங்கிகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கடதாசியும் கூறவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தவை பள்ளத்தாக்கின் மறுகோடியிலே அணிவகுத்து நின்ற ருஷ்யப் பீரங்கிகளே. ஏறக்குறைய 670 குதிரை வீரர் அவற்றை நோக்கி நேரே பாய்ந்தனர். மூன்று புறமும் குண்டு மாரி பொழிந்தது. 110 பேரளவில் மாண்டனர். 160 பேரளவில் காயமுற்றனர். கட்டளையைக் கொண்டுவந்த நோலன் முதலில் வீழ்ந்தவருள் ஒருவர். எந்தப் பீரங்கிகளைக் கருதினார்கள் என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய வாய் அவரோடு மூடிக்கொண்டது.

யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. லூக்கன் பிரபு அத்துண்டுக் கடதாசியைப் பத்திரமாக வைத்திருந்தார். பழி தம்மேல் விழுந்தபோது, 1855இல் பிரபுக்கள் சபையிலும் தம் கட்சியை எடுத்துரைத்தார். அக்கடதாசி இன்றும் இலண்டனிலுள்ள தேசியப் படை நூதனசாலையிலே பாதுகாக்கப்படுகிறது. சேகரிப்பாளன் ஒருவனின் கண்ணுக்கு அதிலே என்ன இருக்கிறது? ராக்லனின் கையொப்பம் இல்லை. ஒரு துணையதிகாரியின் அவசரமான பென்சிற் கீறலே உண்டு. கையொப்பம் என்ற அளவிலே அதன் விலை சிறிது. ஆனால் தெளிவில்லாத நான்கு வரிகள் எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. எயரியின் பெயரை மட்டும் வெட்டி எடுத்து, மேலிருந்த வரிகளை எவராவது எறிந்திருந்தால், இறந்தோரின் வழக்கிலே முதன்மைச் சாட்சி இல்லாது போயிருக்கும்.

மற்றொரு தளபதியின் வரலாறு வேறொரு நுட்பத்தைப் புலப்படுத்துகிறது. ஜெனரல் சார்ல்ஸ் கோர்டன் 1884 பெப்ரவரியிலே சூடான் நாட்டுத் தலைநகராகிய கார்ட்டூமை அடைந்தார். சில வாரங்களில் மாஹ்தியின் படைகள் நகரை முற்றுகையிட்டன. நாணயம் தட்டுப்பட்டமையால், 1884 ஏப்ரல் 25ஆம் நாளிட்ட கடதாசிப் பணத்தை அவர் வெளியிட்டார். ஆறு மாதத்தின் பின் கார்ட்டூமிலோ கைரோவிலோ பணம் கொடுக்கப்படும் என்பது அதன் வாக்குறுதி. தொடக்கத்திலே ஒவ்வொரு நோட்டிலும் கோர்டன் தம் கையாலேயே ஒப்பமிட்டார். தேவை பெருகவே, படியெடுக்கும் கருவியால் ஒப்பம் பதித்த நோட்டுகளும் வெளிவந்தன. இன்று சேகரிப்போர் கண்ணாடி வைத்துப் பார்த்து, மையால் எழுதியதையும் கருவியாற் பதித்ததையும் பிரித்தறிந்து, முன்னதற்கு மிகுந்த விலை தருகின்றனர். முற்றுகையிலிருந்த கடைக்காரனுக்கோ அந்தப் பெயர் ஒரு மனிதனின் வாக்காக இருந்தது. அதனை நம்பியே அவன் தானியத்தை அளந்து கொடுத்தான்.

அவ்வாண்டு டிசெம்பர் 14ஆம் நாள் கோர்டன் ஒரு செய்தியை வெளியே அனுப்பினார். தபால் முத்திரை அளவான கடதாசியிலே, கார்ட்டூமில் எல்லாம் நலமே என்ற கருத்தையும், நாளையும், தம் பெயரையும் எழுதினார். அது மாத இறுதியிலே, மீட்புப் படையின் தலைவரான வூல்ஸ்லியிடம் சேர்ந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்த தூதன் வாயாற் சொன்ன செய்தி முற்றும் வேறு: நகர் சூழப்பட்டுள்ளது, உணவு குறைந்துவிட்டது, விரைந்து வருக என்பதே அது. தூதன் பகைவர் கையில் அகப்பட்டால் அவர்கள் உண்மையை அறியக்கூடாது என்பதற்காகவே கடதாசியில் வேறு விதமாக எழுதப்பட்டது. 1885 ஜனவரி 26ஆம் நாள் கார்ட்டூம் வீழ்ந்தது, கோர்டன் கொல்லப்பட்டார். மீட்பு நீராவிக் கப்பல்கள் இரண்டு நாள் பிந்தி, 28ஆம் நாள் வந்தன. அச்சிறு கடதாசியிலே கையொப்பம் மெய், செய்தி பொய். தூதனின் வாய்மொழியும் பதிவு செய்யப்பட்டிருப்பதனாலேயே அதன் பொருள் நமக்கு விளங்குகிறது. எழுத்தைக் காப்பதோடு, அது பிறந்த சூழலையும் காக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இலங்கை மக்கள் நன்கு அறிந்த ஒரு கையொப்பம். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியிலே வாசிக்கப்பட்ட உடன்படிக்கையினால் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின்கீழ் வந்தது. பிரித்தானியர் சார்பில் நின்றவர் தேசாதிபதியும் லெப்டினன்ட் ஜெனரலுமாகிய றொபேட் பிறவுன்றிக். எதிர்ப்புறத்திலே கண்டிப் பிரதானிகள் ஒப்பமிட்டனர்; அவருள் சிலருடைய ஒப்பங்களிலே தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கண்டி அரசவையில் எத்தகைய மொழிப்பழக்கம் நிலவியது என்பதற்கு அந்தச் சில எழுத்துகளே சான்றாகின்றன.

அவ்வுடன்படிக்கை பௌத்த சமயத்தைப் பேணுவதாகவும், பிரதானிகளின் உரிமைகளையும் பழைய வழக்கங்களையும் காப்பதாகவும் உறுதி கூறியது. 1817இலும் 1818இலும் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. அது கடுமையாக அடக்கப்பட்டது. 1818 நவம்பர் 21ஆம் நாள் அதே பிறவுன்றிக்கின் பெயரால் ஒரு பிரகடனம் வெளிவந்தது. அது பிரதானிகளின் அதிகாரங்களையும் சலுகைகளையும் பெரிதும் குறைத்தது. மூன்றே முக்கால் ஆண்டு இடைவெளியிலே, கொடுத்த பெயரும் எடுத்த பெயரும் ஒன்றே. அவ்விரு பெயர்களையும் தனியே வெட்டி ஓர் ஏட்டிலே பக்கம் பக்கமாக ஒட்டினால் வேற்றுமை எதுவும் தோன்றாது. அவற்றின் மேலுள்ள வாசகங்களோடு சேர்த்துப் படிக்கும்பொழுதே, ஒரு நாட்டின் தலைவிதி அவற்றினிடையே மாறியது புலனாகும்.

இக்காலத்துச் சேகரிப்பாளர் தம் முன்னோரைவிட விழிப்புடையவர். வெட்டியெடுத்த பெயரைவிட முழுக் கடிதத்துக்கே சந்தையில் மதிப்பு மிகுதி. ஆதலால் கத்தரிக்கோலின் ஆட்சி ஒருவாறு ஒழிந்தது. போலிகளைக் கண்டறியும் வழிகளும் பெருகியுள்ளன. 1794ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்திலே செய்யப்பட்ட கடதாசிகள் பலவற்றில், வெளிச்சத்திலே பிடித்தால் செய்த ஆண்டு நீர்க்குறியாகத் தெரியும். கடிதத்திலே இட்ட நாளுக்குப் பிந்திய ஆண்டு கடதாசியில் இருந்தால் குட்டு வெளிப்படும். புகழ்பெற்ற கடிதங்களைக் கல்லச்சிலே அப்படியே பதித்து நூல்களில் சேர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். அத்தகைய பிரதியை மூலமென்று நம்பி, தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிலே பூட்டி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. பேனா கீறிய தடமும் மையின் தடிப்பும் மென்மையும் அச்சிலே வாரா. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இதனைக் காட்டிவிடும்.

ஆயினும், கண்ணாடியால் அறியமுடியாத ஒன்று உண்டு. படைத்தலைவன் ஒருவன் தன் பெயரை எழுதும்பொழுது, பெரும்பாலும் பிறருடைய உயிரைப் பற்றியே எழுதுகிறான். அக்கடதாசியினால் முன்னேறியவர்களும் மடிந்தவர்களும் தம் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றிய செய்தி அத்தலைவனின் பெயருக்கு மேலுள்ள வரிகளிலேதான் தங்கியிருக்கிறது. பெயரை வெட்டியெடுத்து வரிகளை வீசுபவன், அவர்களையும் சேர்த்து வீசிவிடுகிறான்.

நெல்சன் எழுதிய இறுதிக் கடிதம் பிரித்தானிய நூல்நிலையத்திலே இருக்கிறது. 1805 ஒக்டோபர் 19ஆம் நாள், பகைவரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளிவருகின்றன என்ற சைகை கிடைத்ததும், தாம் நேசித்த எம்மா ஹமில்ரனுக்கு அதனை எழுதத் தொடங்கினார். போருக்குப் பின் உயிரோடிருந்து அக்கடிதத்தை முடிப்பேன் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து, "நெல்சனும் புரொன்ட்டேயும்" என்று ஒப்பமிட்டார். மறுநாள் காலை மீண்டும் பேனாவை எடுத்து, ஒப்பத்தின் கீழேயே சில வரிகள் தொடர்ந்தார். காற்றையும் பகைவரின் கப்பல்களையும் பற்றி எழுதி, சமாதானம் கிட்ட இறைவன் அருளவேண்டும் என்ற கருத்தோடு நிறுத்தினார். அவ்வரிகளின் அடியிலே ஒப்பம் இல்லை. 21ஆம் நாள் திரபல்கரிலே அவர் மாண்டார். மேசைமேல் மூடாமற் கிடந்த கடிதத்தை எடுத்துச் சென்று உரியவரிடம் சேர்த்தனர். அவ்வம்மையார் அதன் ஓரத்திலே தம் துயரத்தை ஒரு வரியாக எழுதி வைத்தார்.

பெயரை மட்டும் தேடுபவனுக்கு அக்கடிதத்தின் நடுவிலேயே வேலை முடிந்துவிடும். ஒப்பமில்லாத அந்தக் கடைசி வரிகளையும் சேர்த்துக் காப்பவனுக்கே, மறுநாள் மறுபடி எழுதலாம் என்று பேனாவை வைத்த மனிதன் தெரிகிறான். "இவை என் எழுத்து" என்ற சான்று அவ்வரிகளின் கீழ் இல்லையாயினும், அவை யாருடைய எழுத்து என்பதில் எவருக்கும் ஐயமில்லை.